மூக்கு பார்த்துப் பிரித்த பங்கு

என் நாத்தனாருக்குத் தொழிலில் கிடைத்த பட்டம் கிரேன். வீடு மாற்றிக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். ஒரு லாரி, கொஞ்சம் கயிறு, பழைய போர்வைகள், அட்டைப் பெட்டிகள், தூக்குவதற்கு நாங்கள். அவ்வளவுதான் கம்பெனி. அதில் வாஷிங் மெஷினை முதுகில் கயிறு போட்டுக் கட்டி ஒற்றை ஆளாக மாடி ஏற்றக்கூடியவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று, "ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்று கேட்பார்கள். "வந்திருக்காரு, லாரியில உக்காந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு அவள் சோபாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

லாரியில் உட்கார்ந்திருந்த அந்த ஆம்பளை என் புருஷன். அவர் ஏன் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பதைச் சொல்லாமல் என் நாத்தனார் கதையைச் சொல்ல முடியாது. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், நடுநடுவே குரல் உயர்ந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

முதலில் பீரோவிலிருந்து தொடங்க வேண்டும். என் மாமனார் நாற்பது வயதில் ஒரு இரும்பு பீரோவை முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் நின்று, "கொஞ்சம் பிடிங்க" என்றார். பின்னால் வந்தவர்கள் பீரோவைப் பிடித்தார்கள். இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பீரோவுக்குச் சொந்தக்காரர் வெலவெலத்துப் போய், "இந்தப் பீரோ எனக்கு வேண்டவே வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்ற என் மாமியாருக்குப் புருஷன் போய்ப் பீரோ வந்து சேர்ந்தது.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அது கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. என் மாமியார் காலையில் எழுந்ததும் அதற்கு முன்னால் போய் நிற்பார். "எம்புருஷனைத் தின்னுட்டு எப்படி நிக்குது பாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி! நீ விளங்குவியா?" என்று வயிறெரிந்து திட்டுவார். திட்டி முடித்துவிட்டு அதைத் திறந்து, குளிக்கப் போகத் துண்டு எடுத்துக்கொள்வார். வாரத்துக்கு ஒரு முறை அதன் பின்னால் கூட்டிப் பெருக்க வேண்டும். அதைக் கிரேன்தான் நகர்த்துவாள். தோளைக் கொடுத்து ஒரு உந்து உந்தினால் அது பேசாமல் நகரும்.

இப்படி எல்லோரும் பீரோ மேல் பழியைப் போட்டு நிம்மதியாக இருந்தபோது, மாமனாரின் தம்பி, அதாவது என் புருஷனுக்குச் சித்தப்பா, பஸ்ஸைப் பிடிக்க ஓடி நடுரோட்டில் மயங்கி விழுந்தார். நல்ல வேளை, விழுந்த இடத்துக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி. ஸ்கேன் செய்து பார்த்ததில் அவருடைய இதயத்தின் தசை தடித்துப் போயிருந்தது. ரத்தத்தை எடுத்துச் சோதித்ததில் ஒரு ஜீனில் கோளாறு என்றும், அது பரம்பரையாக வருவது என்றும் தெரிந்தது. சித்தப்பா போனில், "எங்கண்ணனும் இதுலதான் போயிருப்பாருன்னு டாக்டர் சொல்றாரு. பீரோ கீரோ எல்லாம் சும்மா. அவருக்கு இருந்திருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். ரெண்டு பேரையும் உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

போனை வைத்ததும் என் மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் பெட்டி கட்டுவதும் லேபிள் ஒட்டுவதும் அவர் பொறுப்பு. கட்டி வைத்த பெட்டியை வெளியிலிருந்து பார்த்தே, இது புத்தகம், இது பாத்திரம், இது கண்ணாடி என்று சொல்லிவிடுவார். பிரித்தே பார்க்க மாட்டார். தொழிலில் அந்தக் கண்ணுக்கு அவ்வளவு மரியாதை. அதே கண்ணால் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல சோதிச்சுப் பாக்க என்ன இருக்கு? பெரியவன் அப்படியே அவங்கப்பாவை உரிச்சு வச்சிருக்கான். அதே மூக்கு, அதே வழுக்கை, அதே குறட்டை. தும்மினாக்கூட அவர் தும்முற மாதிரியே இருக்கும். எல்லாத்தையும் வாங்கினவன் இதை மட்டும் விட்டிருப்பானா? சின்னவ என் ஜாடை. எங்க பக்கத்துல எல்லாரும் கல்லு மாதிரி இருந்து, வயசாகித்தான் போனாங்க."

என் புருஷன் சோபாவில் மெல்லச் சாய்ந்தார். கை தானாக நெஞ்சுக்குப் போனது. போன நிமிஷம் வரை கல்லைத் தின்று செரித்துக்கொண்டிருந்த மனிதர்.

"கணக்கும் சரியா வருதும்மா. ரெண்டு பிள்ளை. பாதின்னா ஒண்ணு. அந்த ஒண்ணு நான்." தங்கையின் பக்கம் திரும்பினார். "நீ கவலைப்படாதே. எனக்கு வந்துட்டதால உனக்கு வராது. உனக்கும் சேர்த்து நானே வாங்கிக்கிட்டேன்னு நினைச்சுக்கோ."

அவள் ஓவென்று அழுதாள். என்ன இருந்தாலும் அண்ணன் அல்லவா! "எனக்காக நீ தாங்குறியே அண்ணா" என்று அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "இனிமே நீ ஒரு துரும்பைக்கூடத் தூக்கக் கூடாது. உன் பாரத்தையும் நானே தூக்குறேன்."

"எதுக்கும் ரெண்டு பேரும் ஒருதடவை போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்று நான் சொன்னேன். மூன்று பேரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். வெளியிலிருந்து வந்தவளுக்கு எங்கள் ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்கிற பார்வை. என் புருஷனுக்கு ஊசி என்றாலே குலை நடுங்கும், ஆகவே தெரிந்த விஷயத்துக்குச் சோதனை எதற்கு என்கிற கட்சியில் அவர் உறுதியாக இருந்துவிட்டார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்த அலப்பறை இருக்கிறதே! காலையில் அவருக்குப் படுக்கையிலேயே காபி. மின்விசிறி அவர் பக்கம்தான் திரும்பும். உப்புக் குறைத்த சாப்பாடு வேண்டும் என்பார், வைத்தால் உப்பில்லை என்பார். குழாயில் தண்ணீர் ஒழுகினால், "இப்ப நான் குனியலாமா?" என்று என்னைக் கேட்பார். வேலை நடக்கும் இடத்துக்கு வந்து லாரியில் உட்கார்ந்தபடி, "அந்தக் கட்டிலைச் சாய்ச்சுப் பிடிங்கப்பா" என்று யோசனை சொல்வார். வீட்டில் சும்மா இருந்தால் மனசு கஷ்டமாக இருக்குமாம்.

கிரேனுக்கு அண்ணன் மேல் பாசம் எவ்வளவோ அவ்வளவு குறும்பும் உண்டு. கண்ணாடிச் சாமான் பெட்டியில் ஒட்டும் சிவப்பு லேபிள், 'உடையும் பொருள், கவனம்' என்று போட்டிருக்குமே, அதில் ஒன்றை அவர் சட்டை முதுகில் ஒட்டிவிட்டாள். அவர் அதோடு கடைத்தெரு முழுக்கச் சுற்றி வந்தார். வீட்டுக்கு வந்ததும் நான் காட்டிக் கழற்றச் சொன்னேன்.

"இருக்கட்டும் விடு. இடிக்காம வழி விடுறாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. ஏனென்றால் அந்தப் பக்கம் அவள் அவர் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஃபிரிட்ஜ் என்றால் அண்ணன் மேலே, தங்கை கீழே. இப்போது மேலேயும் அவள், கீழேயும் அவள். அவள் புருஷன்தான் எங்கள் லாரி டிரைவர், நல்ல மனிதர், ஆனால் முதுகுவலிக்காரர், ஸ்டியரிங்கைத் தவிர எதையும் பிடிக்க மாட்டார். அவள் முணுமுணுத்ததே இல்லை. வேலை முடிந்ததும் அண்ணனிடம்தான் வந்து, "இன்னிக்கு நெஞ்சு எப்படி இருக்கு அண்ணா?" என்று கேட்பாள்.

"ஏதோ ஓடுது" என்பார் இவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அவள் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. படியில் நடுநடுவே நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். கேட்டால் காலையில் சாப்பிடவில்லை என்பாள். ஒரு நாள் நெஞ்சு திடீரென்று தடதடவென்று அடித்ததாகச் சொன்னாள், அதற்கும் காபி அதிகம் குடித்துவிட்டதாகக் காரணம் வைத்திருந்தாள். அடுத்த வாரம் பீரோவை நகர்த்தும்போது கண் இருட்டி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என் மாமியார் துடைப்பத்தோடு பீரோ மேல் பாய்ந்தார். "அவரைத் தின்னது பத்தாதுன்னு என் பொண்ணையும் பாக்கிறியா? உன்னை எடைக்குப் போடலைன்னா நான் மனுஷி இல்ல!" கிரேன் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், அந்தக் காட்சி அப்படி இருந்தது.

சிரிப்பு அடங்கியது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டை மாற்றிய அன்றைக்குத்தான். கனமான சாப்பாட்டு மேஜை. அவள் முன்னால், நான் பின்னால், படி ஏறிக்கொண்டிருந்தோம். பாதியில் நின்றாள். திரும்பாமலே, மெல்லிய குரலில் சொன்னாள்.

"கொஞ்சம் பிடிங்க அண்ணி."

இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை, மாமனார் கடைசியாகச் சொன்னதாக எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுத வார்த்தை. மேஜையை நான் எப்படித் தாங்கினேனோ தெரியாது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்ல, சாப்பிடல" என்றாள். "வாயை மூடுடி! நான் ஊட்டிவிட்ட சாப்பாடு என்ன ஆச்சு?" என்று கத்தினேன். பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். என் புருஷனிடம், "உங்க நோய்க்கு எவ்வளவு ஓய்வு தேவைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிடலாம்" என்று சொன்னேன். மனிதர் தலையணையோடு வந்து வண்டியில் ஏறினார்.

அங்கே பரம்பரை நோய்களை விளக்குவதற்கென்றே ஒரு அம்மா இருந்தார். வெள்ளைத் தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டுக் குடும்பத்தையே வரைந்தார். சித்தப்பாவின் சதுரத்தைக் கறுப்பாக நிரப்பினார். என் மாமனாரின் சதுரத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். என் மாமியார் பொங்கிவிட்டார்.

"எதுக்கு எம்புருஷனை அடிச்சீங்க?"

"அடிக்கலம்மா. இறந்துபோனவங்களுக்கு இப்படிக் கோடு போடுறது வழக்கம்."

"அவரு உசுரோட இருந்தா இப்படிக் கோடு போட விட்டிருக்க மாட்டாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் புருஷன் தன் சதுரத்தைக் காட்டி, "இதைக் கறுப்பு அடிச்சிடுங்க" என்றார் பெருந்தன்மையாக. மூக்கு விவரம், ஜாடை விவரம், இரண்டில் பாதி ஒன்று என்கிற கணக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், மூக்கு வர்ற வழி வேற, இது வர்ற வழி வேற. அப்பாவோட ஜீன் ரெண்டு பிரதி. ஒண்ணு நல்லது, ஒண்ணு கோளாறு. பிள்ளை உருவாகும்போது ரெண்டுல ஏதோ ஒண்ணு போகும். அது ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா நடக்கிறது. அண்ணனுக்குப் போனது தங்கச்சிக்குப் போகாதுன்னு கிடையாது. ரெண்டு பேருக்குமே வந்திருக்கலாம், ரெண்டு பேருக்குமே வராம இருந்திருக்கலாம். ஆம்பளை, பொம்பளை வித்தியாசமும் இதுக்கு இல்ல."

"அப்ப நான் தங்கச்சிக்காக ஏத்துக்கிட்டது?"

"அப்படி ஒருத்தருக்காக ஒருத்தர் ஏத்துக்க முடியாது சார்."

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! தலையணையை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

ஸ்கேன் அறையில் முதலில் அவர் போனார். பார்த்தவர் சீக்கிரமே முடித்து, "இதயம் நல்லா இருக்கு, எழுந்திருங்க" என்றார். "சரியாப் பாருங்க, நான் எங்கப்பா மாதிரி" என்று இவர் வாதாடினார். அடுத்து கிரேன். அவளைப் பார்த்தவர் கருவியை வைத்த இடத்திலேயே வைத்து மறுபடி மறுபடி அளந்தார். பிறகு எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தார்.

இதயத்தின் நடுச்சுவர் தடித்திருந்தது. சில வாரம் கழித்து வந்த ரத்தச் சோதனையும் அதையே சொன்னது. சித்தப்பாவின் கோளாறு அவளிடம் இருந்தது. அப்பா மூக்கு, வழுக்கை, குறட்டை, தும்மல் என்று எல்லாவற்றையும் வாங்கிய என் புருஷனிடம் அது இல்லவே இல்லை. அவருக்கு இல்லாததால் எங்கள் பிள்ளைகளுக்கும் அவர் வழியாக வராது என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், அப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் என் கையைப் பிடித்து, "நல்லதாப் போச்சு அண்ணி" என்றாள். எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது.

டாக்டர் அவளிடம் தெளிவாகச் சொன்னார். மூச்சைப் பிடித்துத் தூக்குகிற வேலை இனி வேண்டாம். துடிப்பு தறிகெட்டுப் போனால் திருப்பி ஒழுங்குக்குக் கொண்டுவர, தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைத் தோலுக்குள் வைத்துவிடலாம். மாத்திரையும் கவனமும் இருந்தால் நன்றாகவே வாழலாம்.

"தூக்காம நான் என்ன டாக்டர் பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்" என்று கேட்டாள். தனக்காக அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

என் புருஷன் வராந்தாவில் தூணைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பினார். "நான் லாரியில உக்காந்து வேடிக்கை பாத்தேனேடி. அவ ஏறின ஒவ்வொரு படியும்... ஐயோ." நான் திட்டுவதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தோளில் தட்டிக் கொடுத்தேன்.

கருவியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த கிரேன், "பாத்தீங்களா அண்ணி, கடைசியில என் மேலயே ஒரு பெட்டியை ஏத்திட்டாங்க. இதை மட்டும் தூக்கலாமாம்" என்றாள். அவள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து ஒட்டிக்கொண்டாள். பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருந்திருக்கலாம். "புள்ள அப்படியே தாத்தா மூக்கு" என்றாள்.

அந்தச் சின்னப் பெண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அவளையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். கிரேன் மகளின் முகத்தைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். எல்லோரும் என் மாமியாரைப் பார்த்தோம்.

"மூக்கைப் பத்தி இந்த வீட்டுல இனிமே யாரும் பேசக் கூடாது" என்றார் அவர். "வெளியில பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். எது வந்தாலும் இந்தத் தடவை நேரத்தோட தெரியட்டும்."

பிறகு எழுந்து பீரோவிடம் போனார். வழக்கம்போலத் திட்டப் போகிறார் என்று நினைத்தோம். முந்தானையால் அதன் கதவைத் துடைத்தார். "உன் மேல தப்பில்ல. இத்தனை வருஷமா வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே" என்றார். அப்புறம் அதன் பின்னால் எட்டிப் பார்த்து, "எவ்வளவு தூசி! யாரும் பெருக்கலையா?" என்றார்.

கிரேன் பழக்கத்தில் எழுந்து தோளைக் கொடுக்கப் போனாள்.

"கையை எடு!" என் புருஷன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கே போய்விட்டாள். "உக்காரு அங்க. நான் தள்ளுறேன்."

சட்டைக் கையை மடித்தார். தோளைக் கொடுத்தார். முகம் சிவந்தது. பீரோ அசைந்து, ஒரு பக்கம் தூக்கி, சாய்ந்தது.

"கொஞ்சம் பிடிங்க!" என்று அலறினார்.

எங்கள் மூன்று பேருக்கும் நெஞ்சு நின்றேவிட்டது. முதலில் பாய்ந்தவள் கிரேன்தான். என் மாமியார் அவளைப் பிடித்து நாற்காலியில் அமுக்கிவிட்டு, தானே போய்ப் பீரோவுக்குத் தோள் கொடுத்தார். நான் மறுபக்கம் பிடித்தேன்.

"என்னங்க ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"கால் விரல் மாட்டிக்கிச்சுடி!"

நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கிரேன் அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்தே வந்தது. "அம்மா, உன் பக்கம் தூக்கு. அண்ணி, முட்டியை மடக்குங்க, முதுகை வளைக்காதீங்க. அண்ணா, மூச்சு வாங்குதா?"

"வாங்குது!"

"வாங்கட்டும், உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. தூக்கு!"

நாங்கள் தூக்கினோம்.